ஜப்பான் கடையில் நான் ஆக்கிய சோறு

சாப்பாட்டுக் கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சோறு நன்றாக இருந்தால் கடைக்குப் பெயர், கெட்டுப்போனால் ஆக்கினவளுக்குப் பெயர்.

எழுத உட்காரும்போதே பயமாக இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லி, யாராவது படித்துவிட்டு, "நான் எப்போ அப்படிச் சொன்னேன்?" என்று கேட்டு வந்துவிட்டால் என்ன செய்வேன். அதனால் அவரவர் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். பழி அவரவருக்கு.

தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரிச் சாலையில், ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது எங்கள் ஜப்பான் சாப்பாட்டுக் கடை. முதலாளி எட்டு வருடம் ஜப்பானில் ஒரு தொழிற்சாலையில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே சாதாரண ஜனங்கள் குடும்பத்தோடும் கூட்டாளிகளோடும் போய்ச் சாப்பிடுகிற மலிவான கடைகள் தெருவுக்கு ஒன்று இருக்குமாம். அதே மாதிரி இங்கேயும் ஒன்று, பிரியாணி சாப்பிடுகிற காசில் ஜப்பான் சாப்பாடு என்பது அவர் ஆசை. சோயா சூப், பொரித்த கோழி, நூடுல்ஸ், சுஷி, எல்லாவற்றுக்கும் நடுவில் சோறு. அந்தச் சோறு என் பொறுப்பு.

என் கவலையெல்லாம் என் மகள் சுகன்யாதான். திருத்துறைப்பூண்டியில் நெல் விவசாயக் குடும்பம் ஒன்றில் பெண் கேட்டிருந்தார்கள். முதல்முதலாக எங்கள் வீட்டில் கை நனைத்த அன்று, மாப்பிள்ளையின் அம்மா ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா கைதான் பொண்ணுக்கும் வரும்" என்றார்கள். அன்று சோறு உதிரியாக இருந்தது, பிழைத்தேன். பூ வைக்கத்தான் இன்னும் நாள் குறிக்கவில்லை. நான் ஹோட்டலில் வேலை பார்ப்பது அவர்களுக்குத் தெரியும். என்ன ஹோட்டல் என்று நான் சொல்லவில்லை.

முதல் நாள்

ஜப்பான் சோற்றுக்கென்று சென்னையிலிருந்து குட்டை அரிசி வரும். தண்ணீரை அளந்து ஊற்றி, மூடிவைத்து, வடிக்காமல் ஆக்க வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. நம் பக்கத்தில் ஒருத்தி கஞ்சியை வடிக்காமல் சோறு ஆக்கினால் அவளுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம், இல்லையென்றால் அந்த வீட்டில் யாருக்கோ காய்ச்சல். தண்ணீரைத் தாராளமாக வைத்துக் கொதிக்கவிட்டு, பதம் பார்த்து, சொட்டுக் கஞ்சி இல்லாமல் வடித்து, தட்டில் கொட்டி ஆறவிட்டேன். பருக்கை பருக்கையாக நின்றது. எனக்கே பெருமையாக இருந்தது.

சோற்றைக் கையால் பிடித்து மேலே மீன் வைப்பதுதான் சுஷி. அதைச் செய்கிறவர் ஜாபர் பாய். அதிராம்பட்டினத்துக்காரர், துபாயில் ஒரு ஜப்பான் ஹோட்டல் அடுப்படியில் பல வருடம் கிடந்தவர். ஒரு கை அள்ளிப் பிடித்தார், விரலிடுக்கில் உதிர்ந்தது. கையை நனைத்துக்கொண்டு மறுபடி பிடித்தார், மறுபடி உதிர்ந்தது. மூன்றாவது தடவை பிடிக்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. "அக்கா, நீங்க ஆக்கியிருக்கறது கல்யாணச் சோறு. எனக்கு வேண்டியது ஆஸ்பத்திரிச் சோறு" என்றார்.

கை காய்ந்த குடும்பம்

ஒரத்தநாட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்தது, ஏழு பேர். ஆளுக்கு ஒரு செட் சாப்பாடு சொன்னார்கள். சாப்பிடக் கொடுத்த ஜோடிக் குச்சியை ஓரமாக வைத்துவிட்டு, சூப்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, திருப்தியாகத்தான் சாப்பிட்டார்கள். அப்புறம் எழுந்திருக்கவில்லை. எச்சில் கையை மடக்கி வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பேசிக்கொண்டிருக்கிறார்களாக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். மாடிப்படியில் அடுத்த கூட்டம் காத்து நின்றது. அரைமணி நேரம் ஆனது. முதலாளி என்னைப் பார்த்தார், நான் அவர்களைப் பார்த்தேன், அவர்கள் அடுப்படிக் கதவைப் பார்த்தார்கள்.

வேறு வழியில்லாமல் போய், "இன்னும் ஏதாச்சும் வேணுங்களா?" என்று கேட்டேன். கூட்டத்தில் பெரியவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "கொழம்பு ஊத்துனீங்க, சாப்பிட்டோம். ரசம் வரல, சரி, இன்னிக்கு வெக்கலையாட்டம்னு விட்டுட்டோம். மோரும் ஊத்தாம எந்திரிங்கன்னா எப்படிம்மா?"

அமாவாசை

முதலாளிக்கு அழகு பார்க்கிற புத்தி. சோற்றை உருண்டையாகப் பிடித்து, உள்ளே ஊறுகாய் வைத்து, மேலே கறுப்பு எள் தூவிக் கொடுப்பது ஜப்பான் வழக்கம். நம் ஊருக்கு ஏற்றபடி இருக்கட்டும் என்று தட்டில் ஒரு வாழை இலைத் துண்டையும் போடச் சொன்னார். இன்றைக்கு எங்கள் அடுப்படியில் ஒரு நாள்காட்டி தொங்குகிறது, அமாவாசையன்று எள் டப்பாவை யாரும் தொடுவதில்லை. அதற்குக் காரணமான நாளில் நான்தான் பரிமாறினேன்.

ஆடி அமாவாசை. நெற்றி நிறைய விபூதியும் ஈரத் தலையுமாக ஒருவர், அவர் மனைவி, சென்னையிலிருந்து வந்த மகன், மருமகள். மருமகளுக்குத்தான் ஜப்பான் சாப்பாடு ஆசை. சைவமாக என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். நானும் முதலாளி சொல்லிக்கொடுத்தபடி இலைத் துண்டில் மூன்று உருண்டை, மேலே எள், கொண்டுபோய் அந்த மனிதருக்கு நேராக வைத்தேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு என்னவென்று பிடிபடவில்லை, "உள்ள ஊறுகா இருக்குங்க" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். அவர் கோபப்படவில்லை. "இதைத்தாம்மா திருவையாத்துல எங்கப்பாவுக்கு வெச்சுட்டு வர்றேன். அவரு சாப்பிட்டாச்சு. எனக்கு வேற ஏதாச்சும் குடு" என்றார்.

பட்டுக்கோட்டை நண்பர்கள்

தேங்காய் வியாபாரம் செய்கிற மூன்று பேர், சின்ன வயதுக் கூட்டாளிகளாம், பட்டுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள். பச்சை மீன் தின்று பார்த்துவிடுவது என்று ஊரில் சொல்லிவிட்டு வந்துவிட்டார்கள். ஒருவர் வயிற்றுக்கு மாத்திரைகூடக் கொண்டுவந்திருந்தார். எங்கள் கடையில் பச்சை மீன் கிடையாது, எல்லாம் வேக வைத்ததுதான் என்று நான் சொன்னதும் இரண்டு பேர் முகம் விழுந்துவிட்டது. மாத்திரைக்காரர் முகம் மட்டும் கொஞ்சம் தெளிந்தது. குச்சியைப் பிடித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டார்கள், பிறகு கையால் நன்றாகச் சாப்பிட்டார்கள். போகும்போது மூத்தவர் திரும்பி வந்து மெதுவாகச் சொன்னார்: "அக்கா, எங்க ஊரு ஆளுங்க யாராச்சும் வந்து கேட்டா, வெந்த மீனுன்னு மட்டும் சொல்லிப்புடாதீங்க."

சம்பந்தி வந்த ஞாயிறு

நான் பயந்துகொண்டிருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் படியேறி வந்தது. மாப்பிள்ளையின் அம்மா, அப்பா, அக்கா. பெரிய கோயிலுக்கு வந்தவர்கள் யாரிடமோ விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். "இன்னிக்கு ஒங்க கைச் சோறுதான் எங்களுக்கு" என்றபடி சம்பந்தி அம்மா உட்கார்ந்தார்கள்.

அடுப்படிக்கு ஓடினேன். இப்போது வடிக்காமல் ஆக்கப் பழகியிருந்தேன், ஜப்பான் சோறு ஒட்டிக்கொண்டு பளபளவென்று இருந்தது. பக்கத்தில் இன்னொரு பாத்திரம். ஒட்டுகிற சோற்றை விற்கலாம், தினமும் தின்ன முடியாது என்பதால் வேலைக்காரர்களான எங்களுக்கென்று தனியாகப் பொன்னி அரிசி வடித்துக்கொள்வோம். யோசிக்க நேரமில்லை. பொன்னிச் சோற்றைக் கறுப்புக் கிண்ணத்தில் போட்டு மூவருக்கும் வைத்தேன். மானம் தப்பியது என்று நினைத்தேன்.

சம்பந்தி அம்மா குச்சி கேட்டார்கள். பருக்கை ஒவ்வொன்றாக நழுவியது. பக்கத்து மேசையில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று கட்டி கட்டியாகச் சோற்றைத் தூக்கி வாயில் போட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார்கள், தன் கிண்ணத்தைப் பார்த்தார்கள். "அவங்க சோறு வேற, எங்க சோறு வேறயா?" நான், "இல்லீங்க, இது ஒங்களுக்குன்னு..." என்று இழுத்தேன். "எங்களுக்குன்னு தனியாவா? ஒரே எடத்துல அவங்களுக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணா?" சம்பந்தி ஐயா குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

அப்போதுதான் நான் செய்தது என்னவென்று எனக்கு உறைத்தது. பந்தி வஞ்சனை. எங்கள் பக்கத்தில் ஒரு இலைக்கு வைத்த வடையை அடுத்த இலைக்கு வைக்காமல் விட்டதற்காக அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை நின்ற குடும்பங்கள் உண்டு. ஒரு சம்பந்தம் நிற்பதற்குக் கேட்பானேன்.

ஜாபர் பாய் அடுப்படியிலிருந்து மூன்று கிண்ணத்தோடு வெளியே வந்தார். "மன்னிச்சுக்குங்கம்மா, மாறி வந்துருச்சு. அது எங்க சாப்பாட்டுக்கு நான் வடிச்சது. அக்கா கையால ஆக்கினது இதுதான்." எனக்காகத்தான் பொய் சொன்னார். அவர் சொன்னதில் பாதி உண்மையும்கூட.

சம்பந்தி அம்மா ஒரு பருக்கையை எடுக்கப் பார்த்தார்கள், நான்கு வந்தது. விரலால் நசுக்கினார்கள், பசை மாதிரி ஆனது. அப்படியே கிண்ணத்தைக் காலி செய்தார்கள். எல்லோருக்கும் ஒரே சோறு என்று தெரிந்ததில் முகம் தெளிந்திருந்தது. கை கழுவுகிற இடத்தில் என் தோளைத் தொட்டார்கள். "பூ வெக்க வர்ற வெள்ளிக்கெழமையே நல்ல நாளு. குறிச்சுக்குங்க சம்பந்தி. சமையலுக்கு மட்டும் நாங்களே ஆளு கூட்டிட்டு வந்துர்றோம், நீங்க செரமப்படாதீங்க."

அந்த வெள்ளிக்கிழமை அவர்கள் கூட்டிவந்த சமையல்காரர் எங்கள் வீட்டு அடுப்படிக்குள் போனார். சுகன்யா இரண்டு தடவை என்னை உள்ளே கூப்பிட்டாள், உப்பு எங்கே, பெரிய கரண்டி எங்கே என்று. இருந்த இடத்திலிருந்தே சொன்னேன். பந்தி முடிகிற வரைக்கும் அடுப்படி வாசலை மிதிக்கவில்லை.

அன்றைக்குச் சோறு கொஞ்சம் குழைந்துதான் போயிருந்தது, ஆனால் காலையிலிருந்து நான் வாசல் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததை நாற்பது பேர் பார்த்திருக்கிறார்கள்.