அப்பா வாய் திறக்காத வெள்ளிக்கிழமை

எங்கள் எஸ்.டி.டி. பூத்தின் ரிசீவருக்கு ஒரு வாசனை உண்டு. தேங்காயெண்ணெயும் முகப்பவுடரும் வெற்றிலையும் கலந்த அந்த வாசனை பிடிக்காமல் நான் அதைக் காதில் வைக்கவே மாட்டேன். அப்பாவோ அதைத் துடைக்கும்போதுகூட, கச்சேரிக்கு மைக் சரிபார்ப்பவரைப் போல ‘அலோ, அலோ’ என்று இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் கீழே வைப்பார்.

திங்கள்சந்தையில் வீட்டுக்கு ஓர் ஆளாவது ‘கல்ஃபில்’ இருந்த காலம் அது. அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அன்று மத்தியானத்திலிருந்தே எங்கள் பெஞ்சில் இடம் கிடைக்காது. வாசலில் செருப்பைக் கழற்றுகிற நொடியிலேயே அப்பாவின் கூத்து தொடங்கிவிடும். குவைத்துக்குப் பேச வந்தவரை விமான நிலைய அறிவிப்புப் போல மூக்கால் பேசி வரவேற்பார். காத்திருப்பவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்து விடுகதை போடுவார். லைன் கிடைத்ததும் பத்மநாபபுரம் அரண்மனைச் சேவகனாகக் குனிந்து கண்ணாடிக் கதவைத் திறந்துவிடுவார். எதிர்முனையில் யாரும் எடுக்கவில்லை என்றால், ‘ஆளு குளிக்கப் போயிருக்கான், தலை துவட்டுனதும் எடுப்பான்’ என்று சொல்லி, முகம் வாடியவரையும் சிரிக்க வைத்துத்தான் பெஞ்சுக்கு அனுப்புவார். ஊரில் வேறு இரண்டு பூத் இருந்தும் சனங்கள் எங்களிடமே வந்து குவிந்தார்கள்.

எனக்கோ மானம் போயிற்று. ஆறாம் வகுப்பில் முதலில் இரண்டு பேர் என்னைக் ‘கோமாளி மவ’ என்று கூப்பிட்டார்கள். மூன்றாவது ஆள் சேர்ந்தபோது நான் அப்பாவை வெறுக்கவே ஆரம்பித்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து எங்கள் கணக்கு டீச்சர், வெள்ளிக்கிழமை சாயங்காலம் கல்ஃபில் இருக்கும் தன் அண்ணனுக்குப் பேச எங்கள் பூத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டார். அன்று ஒரு நாளாவது சும்மா இருக்கும்படி அப்பாவிடம் சோறு தின்னாமல் அழுதேன். அவர் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி மக்களே, ஒனக்கு வெக்கமா இருந்தா அப்பா வாய தொறக்கல்ல” என்றார்.

சொன்னபடியே செய்தார். பெஞ்சில் டீச்சர் உட்பட ஏழெட்டுப் பேர் பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்க, பின்தெரு ஸ்டெல்லா அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கல்யாணமாகி நான்கு வருடம், புருஷன் லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பி இரண்டு மாதம். கடல் தாண்டிப் போகிற பேச்சை அந்தக் காலத்தில் கத்தித்தான் பேச வேண்டும், எங்கள் கூண்டோ வெறும் பிளைவுட்.

“இதும் வயித்துல தங்கல்ல” என்று அவள் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. “உங்க அம்மைக்கிட்ட நான் இன்னும் சொல்லல்ல. எப்படிச் சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க.”

பெஞ்சின் கோடியில் இருந்தது, அவளுடைய மாமியாரோடு தினமும் மாதா கோயிலுக்குப் போகிற பெண். அப்பா துள்ளி எழுந்து, என்னமோ ஒரு விடுகதையை உரக்க ஆரம்பித்தார். அதற்குள் கதவு திறந்துவிட்டது. ஸ்டெல்லா அக்கா எங்கள் முகங்களைப் பார்த்தாள். யாருக்கும் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

உள்ளே ஒருவர் பேசும்போதெல்லாம் வெளியே அப்பாவின் சத்தம் எதற்காகக் கூடியது என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. அவர் என்னைத் திட்டவில்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. ஸ்டெல்லா அக்கா இனி எங்கள் வாசலை மிதிக்க மாட்டாள் என்று நான் பயந்து செத்தேன். ஆனால் இரண்டு வாரம் கழித்து அவள் வந்தாள், அப்பா பழையபடி மூக்கால் அறிவித்தார், அவளும் சிரித்தாள். எப்படி வந்தாள் என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

பூத் இருந்த இடத்தில் இன்று செல்போன் உறை விற்கிறார்கள். அங்கே காத்து நிற்பவர்கள் அவரவர் திரையைப் பார்த்தபடி நிற்கிறார்கள். யாரும் யாரோடும் பேசுவதில்லை, பேசவைக்க ஆளும் இல்லை. அப்பா போய் ஆறு வருடமாகிறது. போன மாதம் தக்கலையில் ஒரு கல்யாணத்தில், பந்திக்குக் காத்திருந்தபோது ஸ்டெல்லா அக்கா என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பெண்களைப் பெற்று வளர்த்துவிட்டாள். அவளேதான் அந்த வெள்ளிக்கிழமைப் பேச்சை எடுத்தாள்.

“மறுநாளு காலையில உங்க அப்பா வீட்டுக்கு வந்தாரு. தொண்டை கட்டிப்போச்சு, நேத்து பேச முடியல்ல, மன்னிக்கணும்னு காத்து மாதிரி சொன்னாரு. வேற ஒண்ணும் கேக்கல்ல. சுக்கும் நல்லமொளகும் போட்டு காப்பி குடுத்தேன், பாவம், தொண்டை எரிய எரிய குடிச்சாரு.”

என் பேரை அவர் சொல்லவே இல்லை.

“அக்கா, அப்பாவுக்குத் தொண்டைக்கு ஒண்ணுமில்ல. நான்தான் பேசக்கூடாதுன்னு அழுதேன்.”

“தொண்டைக்கு ஒண்ணுமில்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்ட்டீ. காப்பியக் குடிச்சிட்டு எறங்குனவரு, முற்றத்துல நின்ன ஆட்டுக்குட்டிட்ட முழுத் தொண்டையில பேசிட்டுல்லா போனாரு.”

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. அப்பாவை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை. ஸ்டெல்லா அக்கா எழுந்து, சேலைத் தலைப்பை விரித்து என்னை மறைத்துக்கொண்டு நின்றாள். நான் முகம் துடைத்து முடிக்கும்வரை, எதிரே வந்த ஒவ்வொருவரிடமும், இன்னும் வாயில் வைத்தே பார்க்காத அவியலில் உப்பே இல்லை என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி குறை சொல்லிக்கொண்டே இருந்தாள்.