பாத்திரம் இறக்காத இடுக்கி

1. மழை ஓய்ந்த மறுநாள் காலை, பீளமேட்டில் அலுவலகத்துக்குத் திரும்பும் வளைவில் என் ஸ்கூட்டர் சறுக்கியது.

2. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. முழங்கை வரை மாவுக்கட்டு.

3. செய்தி கேட்ட அம்மா மறுநாள் விடிகாலையிலேயே வெள்ளகோவிலில் பஸ் ஏறி என் அறைக்கு வந்துவிட்டார்.

4. வந்தவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், கொஞ்சம் அழுதார், பிறகு என் துணிகளைப் பையில் அடுக்கத் தொடங்கினார்.

5. நான் சமையல் மேடைக்கு மேலே ஆணியில் தொங்கிய இடுக்கியை எடுத்தேன்.

"கட்டுப் பிரிக்கற வரைக்கும் ஊட்டுக்கு வந்திரு கண்ணு," என்றார் அம்மா. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் தனியாக அறை எடுத்துத் தங்க அப்பாவைச் சம்மதிக்க வைத்த பாடு எனக்குத்தான் தெரியும். ஒருமுறை பையோடு ஊருக்குப் போய்விட்டால், அந்தப் பேச்சை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த முறை அவர் பக்கம் ஒரு மாவுக்கட்டும் சாட்சியாக இருக்கும்.

"ஒத்தக் கையில என்னத்தப் பண்ணுவே?"

"இன்னைக்கு ஒரு நாள் பாருங்கம்மா. நீங்க எதுலயும் கை வெக்கக் கூடாது. முடியலீன்னா நானே உங்ககூட பஸ் ஏறறேன்."

"செரி. சாயங்காலம் எனக்கொரு காப்பி வெச்சுக் குடு. அதைக் குடிச்சுப்போட்டுச் சொல்றேன்." கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பை மட்டும் பக்கத்திலேயே இருந்தது.

என் வேலை பம்புகளைச் சோதிக்கும் பிரிவில். கல்லூரிப் பட்டறையில் முதலில் சொல்லிக்கொடுத்தது, இரும்பை வைஸ் என்னும் பிடிகருவியில் இறுக்காமல் அரத்தைத் தொடாதே என்பதுதான். அது அடுப்படிக்கும் பொருந்தும் என்று ஒரு கை போன பிறகே தெரிந்தது. எந்த வேலையிலும் ஒரு கைதான் செய்கிறது. மற்றது பெரும்பாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எனக்குக் குறைந்தது அந்தப் பிடி மட்டும்தான்.

முடிக்குப் போடும் ரப்பர் பேண்டை, பல்லையும் துணைக்கு வைத்துக்கொண்டு, இடுக்கியின் கைப்பிடிகளில் சுற்றினேன். இடுக்கியின் வாய் தானாக இறுகிக்கொண்டது. டூத் பேஸ்டின் வாலை அதற்குக் கவ்வக் கொடுத்து உருட்டினேன். பேஸ்ட் தானாக வெளியே வந்தது. துவைத்த துண்டைக் குழாயில் மாட்டி, இரண்டு நுனியையும் சேர்த்துக் கவ்வ வைத்து இடுக்கியைச் சுழற்றினேன். கையால் பிழிவதைவிட நன்றாகவே பிழிந்தது. எண்ணெய் பாட்டிலைத் தொடைகளுக்கு நடுவில் வைத்து மூடியைத் திருகினேன். வெங்காயத்தை இடுக்கி பிடித்துக்கொள்ள, அதன் கைப்பிடியை வலது முழங்கையால் மேடையோடு அழுத்திக்கொண்டு இடது கையால் அரிந்தேன். துண்டுகள் கோணல்மாணலாக இருந்தன. குழம்பில் வெந்த பிறகு யாரும் அளந்து பார்ப்பதில்லை.

"ஏன் அம்மணி, அதுலயே சடையும் போட்டுக்குவியா?"

"அதையும் பாத்துட்டேனுங்க. ஆகல. கிளிப்பு குத்திக்கறேன்."

மாலையில் பால் பொங்கியது. அடுப்பை அணைத்தேன். ரப்பர் பேண்டைக் கழற்றிவிட்டு, இடுக்கியால் பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்துத் தூக்கினேன். இடது கைக்கு அந்தக் கனம் பழக்கமில்லை. பாத்திரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாதிப் பால் மேடையில் ஓடியது. காலையிலிருந்து எத்தனையோ வேலை செய்த இடுக்கி, எதற்காகக் கடையில் விற்கிறார்களோ அந்த வேலையில் மட்டும் என்னைக் கைவிட்டது.

அம்மா எழப் பார்த்தார். பேச்சு நினைவுக்கு வந்து உட்கார்ந்தார்.

"சுட்டுப்போட்டுதா?"

"இல்லீங்க."

"அப்பப் பையை எடுக்கட்டுமா?"

நான் மேடையைத் துடைத்தேன். துடைக்கும்போது யோசித்தேன். எனக்கு வேண்டியது பால் டம்ளருக்கு வருவது. அதற்குப் பாத்திரம் எதற்காக இறங்கி வர வேண்டும்? மீதிப் பாலை மறுபடி சுட வைத்து, அடுப்பை அணைத்து, பாத்திரத்தை அங்கேயே விட்டுவிட்டேன். இன்ஸ்டன்ட் காப்பித்தூளும் சர்க்கரையும் போட்டு வைத்திருந்த டம்ளரில் குழிக்கரண்டியால் மொண்டு ஊற்றினேன். டவராவோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அம்மா கடைசிச் சொட்டு வரை குடித்தார். "சக்கரை கம்மி," என்றார். பிறகு அப்பாவுக்குப் போன் போட்டார்.

"ஏனுங்க, அவ வரலீங்க. சிரமமெல்லாம் இல்லீங்க, கைக்கு ஆள் போட்டிருக்கா." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, போனை என்னிடம் நீட்டினார். "ஆளு எந்த ஊருன்னு கேக்கறாரு உங்கப்பா. நீயே சொல்லு."

ஆள் இல்லை, இடுக்கி என்று சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. ஆனால் ஊருக்கு வா என்றும் சொல்லவில்லை.

அம்மா மறுநாளே வெள்ளகோவிலுக்குத் திரும்பிவிட்டார். நான் பீளமேட்டில்தான் இருக்கிறேன். பஸ்ஸில் அலுவலகம் போய், இடது கையால் மௌஸ் பிடித்து வேலை பார்க்கிறேன். கட்டு இன்னும் பிரிக்கவில்லை. பால் பாத்திரத்தை நான் அடுப்பிலிருந்து இறக்குவதில்லை.