வான் பாயும் இடத்தில் அக்கா

அண்ணை பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கனடாவிலிருந்து வந்திருந்த மார்கழி அது. மழை விட்டு நாலு நாள். நெடுந்தீவின் மேற்கில் பற்றைக் காட்டைத் தாண்டிப் போனால், நிரம்பிய குளம் வான் பாய்ந்து, கற்பாறை விளிம்பால் கடலோரப் பள்ளத்துக்குள் விழும். ஆள் உயரம்கூட இல்லை. வருடத்தில் பத்து நாள் விழுந்தால் பெரிது. பிள்ளைகளுக்கு அதைக் காட்டவேண்டும் என்று அண்ணை ஒற்றைக்காலில் நின்றான்.

நாரந்தனை வீட்டில் அம்மாவோடு இருந்தது அக்கா. அவளுக்கு நாற்பத்தொன்பது வயது, கலியாணம் ஆகவில்லை. படுக்கையில் விழுந்த அம்மாவை ஏழு வருடமாகத் தூக்கி, துடைத்து, சோறு தீத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கடைசி. என்னை நாலு ஒழுங்கை தள்ளிக் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

முதல்நாள் பின்னேரம் அண்ணை எல்லோருக்கும் முன்னால் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அக்கா இல்லாட்டி அம்மா எப்பவோ போயிருப்பா. நாங்கள் எல்லாம் பிள்ளையளோ?" என்றான். நானும்தான் கிழமைக்கு மூன்று நாள் வந்து அம்மாவின் துணி துவைத்தேன். அதை ஒருவரும் சொல்லவில்லை. அந்த இரவு முழுக்க எனக்குள் ஏதோ புளித்துக்கொண்டே இருந்தது.

காலையில் குசினிக்குள் அக்கா புட்டை வாழையிலையில் கட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்று மெதுவாகச் சொன்னேன்: "அக்கா, இண்டைக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போறவர் அண்ணையோட படிச்சவராம். மாடு வளர்க்கிறவர். மனுசி செத்து மூண்டு வருசமாம். உங்களைப் பற்றி அண்ணையிட்டக் கேட்டவராம்."

"விசர்க் கதை கதையாதை," என்றாள் அக்கா. "இந்த வயசில எனக்கென்ன?"

பத்து நிமிடம் கழித்து அவள் அறையிலிருந்து வந்தபோது, ஒரு தடவைகூட உடுத்தாமல் அலுமாரியில் வைத்திருந்த நீலச் சேலையில் இருந்தாள். முகத்தில் பவுடர். காட்டுக்குள் நடப்பதற்கு நீலப் பட்டு. அந்த நேரத்திலாவது நான் சொல்லியிருக்கலாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அம்மாவை அயல்வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு வாடகை வானில் குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் போனோம். படகில் அண்ணையின் மனைவியான மச்சாளிடம் நான் விசயத்தைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். பிறகு அண்ணைக்குச் சொன்னாள். "பாவம், விடுங்கோ," என்ற அண்ணையின் வாயும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

அந்த மனிதர் நெடுந்தீவு இறங்குதுறையில் நின்றார். கட்டையான, வெயிலில் கறுத்த, நல்ல பல்லுள்ள மனிதர். மனைவி உயிரோடு இருக்கிறார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

வாகனம் போகும் இடம் வரை போய், பிறகு கல்வேலிகளுக்கு நடுவாலும் ஈச்சம் பற்றைகளுக்கு நடுவாலும் முக்கால் மணித்தியாலம் நடந்தோம். சேலை முள்ளில் இழுபட, அக்கா அவருக்குப் பின்னால் போனாள். எத்தனை மாடு, எத்தனை லீற்றர் பால், கோடையில் தண்ணிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனாள். அவரும் பொறுமையாகப் பதில் சொன்னார். அக்கா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஓரிடத்தில் சேற்றுக்குள் கால் வைக்கப் போனவளை அவர் கையை நீட்டித் தடுத்தார். அக்கா தலையைக் குனிந்து சிரித்தாள். மச்சாள் தன் போனில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

தண்ணீர் நன்றாகத்தான் விழுந்தது. "இவ்வளவுதானோ?" என்று பிள்ளைகள் கேட்டுவிட்டுக் கீழே இறங்கி நனைந்தார்கள். அக்கா பாறையில் துணி விரித்து, முதல் புட்டுப் பொட்டலத்தை அவரிடம் நீட்டினாள். கணவாய்ப் பிரட்டலைத் தனியாக எடுத்து அவருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவர் கையெடுத்து மறுத்தார். "ஐயோ, வேண்டாம் அக்கா. மனுசி சமைச்சு வைச்சிருக்கிறா. உங்கள் எல்லாரையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவ."

அக்காவின் கை அப்படியே நின்றது. அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். மச்சாள் முதலில் வெடித்தாள். அண்ணை மறுபக்கம் திரும்பினான், தோள் குலுங்கியது. நானும் சிரித்தேன். அந்த மனிதர் ஒன்றும் விளங்காமல் ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியில் அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் மச்சாளின் போன் பிடித்தது.

பிறகு அவர் வீட்டுக்கும் போனோம். போகாமல் இருக்க ஏலாது. அவருடைய மனைவி நல்ல மனுசி. அக்காவுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "எவ்வளவு வடிவான சீலை! முள்ளில கிழிஞ்சு போச்சே. ஏன் இதை உடுத்துக்கொண்டு வந்தனீங்கள்?" என்று கேட்டார். அக்கா பால் தேத்தண்ணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சும்மாதான்," என்றாள்.

கனடாவுக்குத் திரும்பிய கிழமையே மச்சாள் அந்தப் படத்தைக் குடும்ப வாட்சப் குழுவில் போட்டாள். மேலே, தன் பிள்ளைகள் அக்காவைக் கூப்பிடும் முறையில், 'மாமி மாப்பிள்ளை பார்த்த படலம்' என்று எழுதியிருந்தாள். சித்தப்பா பிள்ளைகள், பெரியம்மா பிள்ளைகள், லண்டன், பாரிஸ் என்று எல்லோரும் சிரிக்கும் முகங்களைப் போட்டார்கள். நானும் ஒன்றைப் போட்டேன். அந்தக் குழுவில் அக்காவும் இருந்தாள்.

அடுத்தநாள் அக்கா என் வாசலுக்கு வந்தாள். கையில் நான் எப்போதோ கொடுத்த சட்டி. "இது உம்மட சட்டி. எடும்," என்றாள்.

பிறந்ததிலிருந்து என்னை 'நீ' என்று கூப்பிட்டவள். 'உம்மட' என்பது அவள் வெளி ஆட்களிடம் பேசும் பேச்சு. நான் அழுதேன். பகிடிக்குச் சொன்னது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"நீர் பொய் சொன்னதை நான் எப்பவோ மறந்திடுவன்," என்றாள் அக்கா. "அண்டைக்கு அந்தப் பற்றைக்குள்ள நடக்கேக்க நான் என்ன நினைச்சுக்கொண்டு போனனான் எண்டு தெரியுமோ? நெடுந்தீவுக்கு வாழ வந்தா அம்மாவை எங்க விடுறது எண்டு. உம்மட தலையில கட்டிப்போட்டு வந்திடுவம் எண்டு முடிவு எடுத்தனான். அரை மணித்தியாலத்தில எடுத்தனான். ஒரு சொட்டுக் கவலையும் வரேல்லை, சந்தோசமா இருந்தது. இப்ப ஒவ்வொரு நாளும் அம்மாவின்ர முகத்தைத் துடைக்கேக்க அது ஞாபகம் வருது. அதுக்கு நீர் என்ன செய்வீர்?"

அவள் படலையைச் சாத்திவிட்டுப் போனாள்.

அம்மா அடுத்த ஆவணியில் இறந்தார். சாகும் நாள்வரை படுக்கைப்புண் ஒன்றுகூட வரவில்லை, அக்கா அப்படிப் பார்த்தாள். என்னைத் துணி துவைக்கவும் விடவில்லை. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்ததும் யாழ்ப்பாணத்தில் ஒரு சிறுவர் பாடசாலையில் வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

போன மாதம் அவளைப் பார்க்கப் போனேன். இருக்கச் சொன்னாள், தேத்தண்ணி தந்தாள், என் பிள்ளைகளின் படிப்பை விசாரித்தாள். அரை மணித்தியாலம் கழிந்ததும் மணிக்கூட்டைப் பார்த்து, "உமக்கு பஸ்சுக்கு நேரமாகுது," என்றாள். கடைசி பஸ்சுக்கு இன்னும் மூன்று மணித்தியாலம் இருந்தது. நான் எழும்பி வந்துவிட்டேன்.