கண்ணாடி டப்பாவின் மூடி

காலை ஏழு ஐம்பதுக்கு என் மகள், தின்றுகொண்டிருந்த இட்லியோடு முந்தின இரவு தின்றதையும் சேர்த்துச் சாப்பாட்டு மேசைமேல் கக்கினாள். பள்ளி வேன் வர இன்னும் இருபது நிமிடம். பாதி செரித்த பப்பாளித் துண்டுகள் மேசை விளிம்பில் வழுக்கி என் லேப்டாப் பைமேல் விழுந்தன. ஒரே மாதத்தில் இது இரண்டாம் முறை.

முதல் முறை நான் பழி போட்டது பிளாஸ்டிக்மேல். கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்த டப்பாக்கள் இரண்டு அலமாரி நிறைய இருந்தன. ஐஸ்கிரீம் வந்தது, பிரியாணி வந்தது, யார் வீட்டிலிருந்தோ பாயசத்தோடு வந்து திரும்பிப் போகாதது. எவ்வளவு சோப்பு போட்டாலும் விரலில் பிசுக்கு ஒட்டும். தயிர் டப்பாவில் சாம்பார் வாடை. கரண்டி கீறிய கோடுகளில் மஞ்சளும் எண்ணெயும் இறுகிக் கிடக்கும். ஒன்றை மூக்கருகே கொண்டுபோனபோது, இத்தனை வருடம் குழந்தைக்கு இதிலா போட்டோம் என்று குமட்டியது. எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக் குப்பை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, பெங்களூர் அல்சூரில் ஒரு கடைக்குப் போய் எட்டுக் கண்ணாடி டப்பாக்கள் வாங்கிவந்தேன். நான்கு பக்கமும் டக்கென்று பூட்டிக்கொள்ளும் மூடிகள். பள்ளிக்குக் கண்ணாடி கொண்டுபோகக் கூடாது என்பதால் அங்கே எவர்சில்வர். வீட்டில் தயிர், நறுக்கிய பழம், மிச்சக் குழம்பு எல்லாமே கண்ணாடிக்குள். ஃப்ரிட்ஜைத் திறந்து மூடுவதே எனக்கு ஒரு திருப்தியாக இருந்தது.

சமையலுக்கு வருகிற அக்கா நீலசந்திராவிலிருந்து ஐந்து வருடமாக வருகிறவர். அவரிடம், "இத மட்டும் நீங்க தொடவேண்டாங்க்கா, கை வழுக்கி ஒடஞ்சிடும். நானே கழுவிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

"நல்லதாப் போச்சு சார். எனக்கு எட்டுப் பாத்திரம் கம்மி" என்று சிரித்தார்.

பிளாஸ்டிக் போயும் குழந்தை வாந்தி எடுக்கிறாள் என்றால், மிச்சம் இருப்பது யார்? அந்தக் காலையில் ஈரத் துணியோடு மேசையைத் துடைத்தபடியே திரும்பினேன். அக்கா அடுப்படியில் நின்றிருந்தார். நகக்கண்களில் மஞ்சள்பொடி.

"கைய கழுவிட்டுத்தான் சமைக்கிறீங்களா? அந்த நகத்தப் பாருங்க, கலீஜா இருக்கு. உங்க வீட்டுல எப்படியோ, இங்க குழந்தை இருக்கு!"

கலீஜ் என்ற சொல்லை நான் கரூரில் கேட்டதில்லை. பெங்களூருக்கு வந்து கற்றுக்கொண்டது. கன்னடம் பேசுகிறவர், உருது பேசுகிறவர், தமிழர் எல்லோரும் அழுக்குக்குச் சொல்லும் சொல். துப்புகிற மாதிரிதான் அதைச் சொல்ல வரும். வாயைத் துடைத்துக்கொண்டிருந்த என் மகள் நிமிர்ந்து அக்காவின் கைகளைப் பார்த்தாள்.

அக்கா அடுப்பை அணைத்தார். கரண்டியைக் கழுவிக் கவிழ்த்தார். "பாப்பாவுக்கு உப்பும் சக்கரையும் கலந்து தண்ணி குடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை.

டாக்டர் கொடுத்த மருந்தில் வாந்தி அன்றே நின்றது. ஆனால் மகள் சாப்பிடவில்லை.

முதல் நாள் பலவீனம் என்று நினைத்தோம். இரண்டாம் நாள் என் மனைவி சோறு பிசைந்து ஊட்டப் போனாள். மகள் அவள் கையைப் பிடித்துத் திருப்பி நகங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கலீஜ்" என்றாள். நான் சொன்ன அதே குரல், அதே உதட்டுச் சுழிப்பு.

"நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க" என்றாள் மனைவி. "இப்ப நீங்க ஊட்டுங்க பாப்போம்."

என் கையும் தேறவில்லை. தட்டை முகர்வாள், டம்ளரை முகர்வாள். அவளே கிழிக்கும் பாக்கெட்டில் உள்ள பிஸ்கட் மட்டும் உள்ளே போனது. ஒன்பது வயதுக் குழந்தைக்குக் கன்னம் வற்றுவதை நாள் கணக்கில் பார்க்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை தயிர் டப்பாவைத் திறந்து அவள் முன் வைத்தேன். அவள் தயிரை விட்டுவிட்டு மூடியை எடுத்து முகர்ந்தாள்.

"அப்பா, நாறுது."

"எல்லாத்தையும் நாறுது நாறுதுன்னா எதத்தான் சாப்பிடுவே?" என்று பிடுங்கி நானும் முகர்ந்தேன். நாறியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, மூடியின் உள்விளிம்பில் ஓடும் வெள்ளை ரப்பருக்கு அடியில் மெல்லிய கறுப்புக் கோடு. பல்குத்தும் குச்சியால் நெம்பினேன். ரப்பர் முழுதாகக் கழன்று வந்தது. அது கழலும் என்றே எனக்குத் தெரியாது. குக்கர் கேஸ்கெட்டைத் தினமும் கழற்றிக் கழுவுகிற வீடு எங்களுடையது. இந்த மூடியில் இருப்பதும் அதே சமாசாரம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

பள்ளம் முழுக்கக் கறுத்த கொழகொழப்பு. சளி மாதிரி நூல் இழுத்தது. அதற்குள் ஒரு கடுகு, பப்பாளியின் நார், பச்சைப் பூஞ்சை. ஃப்ரிட்ஜில் மூடி வியர்த்துச் சொட்டுச் சொட்டாகப் பழத்தின் மேல் விழுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எதன் வழியாக இறங்கிச் சொட்டியது என்று இப்போது தெரிந்தது. எட்டு மூடிகளையும் நெம்பினேன். எட்டிலும் அதே. பாத்திரம் கழுவும் தொட்டியில் நானே வாந்தி எடுத்தேன்.

வாந்திக்கு அதுதான் காரணமா? டாக்டரிடம் கேட்டதற்கு, "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. வேறு பதிலும் தேவைப்படவில்லை. அந்த மூடிகளை என்னைத் தவிர வேறு கை கழுவியதில்லை. இன்றும் எந்த மூடியைத் திறந்தாலும் விரல் தானாக விளிம்பைத் தடவிப் பார்க்கிறது. அழுக்கைவிட அந்தக் காலையில் என் வாயிலிருந்து வந்த சொல்தான் எனக்கு அதிகம் அருவருப்பாக இருக்கிறது.

அக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. நேரில் போகலாம் என்று வண்டிச் சாவியை எடுத்த பிறகுதான், நீலசந்திரா என்பதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது என்பது உறைத்தது. எந்தத் தெரு என்று ஐந்து வருடத்தில் கேட்டதில்லை. அவர் எதிர் அபார்ட்மென்ட்டில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாக வாட்ச்மேன் சொன்னார். பாப்பா சாப்பிடவில்லை என்று மட்டும் சொல்லச் சொன்னேன்.

திங்கட்கிழமை மாலை வந்தார். வாசலில் செருப்போடு நின்றார்.

"வேலைக்கு வரல சார், அத மொதல்ல சொல்லிடறேன். பாப்பா சாப்புடலன்னு கேட்டதும் மனசு கேக்கல."

மூடியைச் சொன்னேன், ரப்பரைச் சொன்னேன். கழுவியது முழுக்க நான்தான் என்பதையும், அன்று பேசியது பெரிய தப்பு என்பதையும் சொன்னேன். மகள் உள்ளே டிவி முன்னால் இருந்தாள். என் குரல் தானாகத் தாழ்ந்துவிட்டது.

அக்கா என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார்.

"அன்னிக்கு இவ்ளோ மெதுவாவா சார் சொன்னீங்க? பாப்பா எதிர்ல சத்தமாதான சொன்னீங்க. இதயும் அது எதிர்லயே சொல்லுங்க, அதே சத்தத்துல. அப்புறமா நான் செருப்பக் கழட்டறேன்."