வலை சரிபார்க்கப்பட்டது

1984 செப்டம்பர் 14, வெள்ளிக்கிழமை. காலை 4.50க்கு எழுந்து, வழக்கம்போல் முதல் வேலையாகக் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் குளியல். காவிரியில் எட்டுப் படி வரை தண்ணீர். 9.05க்கு ஒன்றாம் நம்பர் பஸ். அலுவலகத்தில் பதினோரு கோப்புகள் பார்த்தேன். பிற்பகல் 3.30க்கு அனுமதி பெற்றுக் கிளம்பினேன். கல்லூரியில் மாஸ்டருக்கு இரங்கல் கூட்டம். அவர் இறந்து முப்பதாவது நாள்.

அந்தக் கல்லூரியின் கால்பந்து அணியை இருபத்தாறு வருடம் பயிற்றுவித்தவர் அவர். எல்லோருக்கும் மாஸ்டர். நான் அரசாங்க எழுத்தர், ஞாயிற்றுக்கிழமைகளில் ரெஃப்ரி. பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியவன். அவர் என்னை ‘விசில் சார்’ என்றுதான் கூப்பிடுவார்.

அவர் பயிற்சி ஒரு கேள்வியில்தான் தொடங்கும். "காலைல என்னடா சாப்பிட்ட?" முசிறியிலிருந்து முதல் பஸ் பிடித்து வரும் பையன் முழித்தான் என்றால் அன்றைக்கு அவனுக்கு ஓட்டம் கிடையாது, மேலப்புதூரில் மாஸ்டர் வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும். தோற்ற நாளில் இரண்டு அணியும் இடைவேளையில் தின்று போட்ட ஆரஞ்சுத் தோலைத் தன் பையன்களைக் கொண்டே பொறுக்க வைப்பார். ஜெயித்த நாளில் தானே பொறுக்குவார்.

கோல் வலையை அவர் வேறு யாரையும் தொட விட்டதில்லை. காவிரிக்கரை மீனவர் ஒருவரிடம் கேட்டு வாங்கிய மூங்கில் ஊசி ஒன்று வைத்திருந்தார். ஆட்டத்தன்று விடியற்காலையில் அதில் நூல் கோத்து, அறுந்த கண்களை ஒவ்வொன்றாகப் பின்னுவார். வலையை இழுத்துப் பார்ப்பது ரெஃப்ரியின் கடமை. ஆனால் அந்த மைதானத்தில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது.

"வலை கட்டியாச்சு விசில் சார். வேணும்னா இழுத்துப் பாருங்க."

"நீங்க கட்டினத நான் இழுக்கணுமா மாஸ்டர்?"

இருவரும் சிரிப்போம். நான் இழுத்துப் பார்த்ததில்லை.

1980 பிப்ரவரி 17, ஞாயிறு. கல்லூரிகளுக்கிடையிலான கோப்பையின் இறுதி ஆட்டம். அந்தக் கோப்பை மட்டும் அவர் கைக்கு வந்ததே இல்லை. ஏப்ரலில் ஓய்வு பெறப் போகிறார். அன்று அவர் வலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடி கோட்டுக்கு வெளியே நின்றிருந்தார். சொல்லவில்லை என்பது எனக்கு உறைக்கவும் இல்லை.

இரண்டாம் பாதியில், யாரும் கோல் போடாத நிலையில், மாஸ்டர் அணியின் முசிறிப் பையன் இடது பக்கமிருந்து தாழ்வாக அடித்தான். மேற்கு வெயில் என் கண்ணில். நான் பார்த்தபோது பந்து கம்பத்துக்கு வெளியே உருண்டுகொண்டிருந்தது. கோல் இல்லை, கோல் கிக் என்று கை காட்டினேன். பையன்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"சார், உள்ள போயிதான் வெளிய வந்துச்சு சார்! சத்தியமா சார்!"

கூட்டத்திலிருந்து ஒருவர், "ரெஃப்ரி, ஸ்ரீரங்கத்துல மூக்குக்கண்ணாடி விக்கிறாங்க, வாங்கிப் போட்டுக்கிட்டு வாங்க!" என்று கத்தினார்.

மாஸ்டர் குரல் ஒன்றுதான் அதற்கு மேல் கேட்டது. "டேய், பந்தை வைங்கடா. விசில் அடிச்சாச்சு."

ஆட்டம் கோலில்லாமல் முடிந்து, பெனால்டியில் மாஸ்டரின் பையன்கள் தோற்றார்கள். எல்லோரும் போன பிறகு நான் அந்தக் கம்பத்தருகே போனேன். அடியில் இரண்டு முடிச்சுகள் அவிழ்ந்து, ஒரு பந்து தாராளமாகப் போகும் அளவுக்கு வலை திறந்து கிடந்தது. கையை உள்ளே விட்டுப் பார்த்தேன்.

இரவு ஆட்ட அறிக்கை எழுதினேன். ‘வலை சரிபார்க்கப்பட்டது. குறை எதுவும் இல்லை.’ நாட்குறிப்பிலும் அதையே எழுதினேன். அதற்குப் பிறகு நான் விசில் ஊதவில்லை. ஞாயிறுதோறும் மாஸ்டர் வீட்டில் காபி குடித்துவந்தவன், நாலரை வருடம் அந்தத் தெருவைத் தவிர்த்தேன். அடக்கத்தன்றுகூடக் கல்லறைத் தோட்டத்தின் வாசலருகே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

கூட்டம் 4.30க்குத் தொடங்கியது. எனக்கு முன் பேசிய பேராசிரியர், "எல்லாம் ஜெயித்தார். அந்த ஒரு கோப்பைக்கு மட்டும் அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை" என்றார். என் சட்டைப்பையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்றில் அந்தக் கோலைப் பற்றிய உண்மை. இன்னொன்றில் மூன்று நிமிடப் புகழுரை. மேடையேறியதும் கை இரண்டாவதைத்தான் எடுத்தது. "ரெஃப்ரியின் தீர்ப்பை ஒருநாளும் எதிர்க்காத மனிதர்" என்று வாசித்தேன். எல்லோரும் உருக்கமாகத் தலையாட்டினார்கள்.

கூட்டம் முடிந்து கிளம்பும்போது மாஸ்டரின் மனைவி வாசலில் என்னை நிறுத்தினார்.

"என்ன தம்பி, பாக்காத மாதிரி போறீங்க?"

"இல்லக்கா..."

"அவரு கடைசி வரைக்கும் உங்களத்தான் கேட்டுக்கிட்டிருந்தாரு. விசில் சார் என்மேல கோவமா இருக்காருடின்னு."

"அவர்மேல எனக்கென்னக்கா கோவம்?"

"வலை விஷயந்தான். மேட்ச் அன்னைக்கு விடியக்காலைல ஊசியும் நூலும் எடுத்துக்கிட்டுப் போனாரு. அப்பவே கை நடுக்கம் வந்துடுச்சு தம்பி. யாருக்கும் தெரியாது. நூலைக் கோக்கவே முடியல. ரெண்டு முடிச்சு எப்படியோ போட்டிருக்காரு, அது நிக்கல. யாரையாவது கட்டச் சொல்லியிருக்கலாம்ல? கை நடுங்குறது பசங்களுக்குத் தெரிஞ்சிடும்னு சொல்லாம வந்துட்டாரு. ‘நான் ஒழுங்கா கட்டாததால விசில் சாருக்கு நாலு பேர் முன்னாடி கெட்ட பேரு, அதான் அவரு வீட்டுப் பக்கமே வர்றதில்ல’ன்னு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போனாரு. லெட்டர் எழுதலாம்னு உக்காருவாரு. பேனா நிக்காது."

வலையை இழுத்துப் பார்க்க வேண்டியவன் நான்தான் என்று அக்காவிடம் சொன்னேன். கோல்தான் என்று அன்று மாலையே எனக்குத் தெரியும் என்றும் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"இத ஒரு தடவ அவருகிட்ட வந்து சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

7.40 பஸ்ஸில் வீடு திரும்பினேன். சாப்பிடவில்லை.

செப்டம்பர் 15, சனி. காலை 4.50. கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கவில்லை. முதல் வேலையாக, கார்பன் வைத்து மூன்று பிரதிகள் எழுதினேன். ஒன்று போட்டி நடத்திய கமிட்டிக்கு. ஒன்று கல்லூரிக்கு. மூன்றாவது அக்காவிடம் நேரில் கொடுப்பதற்கு.

‘17-2-1980 இறுதி ஆட்டத்துக்கு முன் நான் வலையைச் சோதிக்கவில்லை. என் அறிக்கையில் அதுபற்றி எழுதியது பொய். இரண்டாம் பாதியில் இடது பக்கமிருந்து அடித்த பந்து உள்ளே சென்றது. அது கோல்.’