தியெரி பதிவு செய்த மரவீடு

மான்ட்ரியலில் அறுநூறு பேர் சேர்ந்து ஒரே வீடியோ கேமை உருவாக்கும் பெரிய நிறுவனத்தில், அதில் வரும் குதிரைகளின் வாலை மட்டும் திரையில் ஆட்டி ஆட்டிச் சலித்துப்போனவள் ஓடில். வேலையை விட்டுவிட்டுத் தோழி மரிலூவோடு ஒரு சின்ன கேம் செய்யத் தொடங்கினாள். பனியில் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடக்கும் முதியவர்களைக் குளிப்பாட்டும் பணிப்பெண்ணின் கதை. சண்டை கிடையாது. அவர்கள் முதுகில் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டால் வெற்றி. கணவன் தியெரி பழைய நிறுவனத்திலேயே இருந்தான். வீடு ஓடியது அவன் சம்பளத்தில்.

பெரிய கேம் வரும் வாரத்தில் சின்னதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் பெரிய நிறுவனங்கள் வெளியீட்டு நாளை அறிவித்ததும், சின்ன கேம் செய்பவர்கள் தங்கள் நாளை வேறு வாரத்துக்கு மாற்றிவிடுவார்கள். தியெரியின் நிறுவனம் இன்னும் வாய் திறக்கவில்லை. அவர்களுடையது அடுத்த ஆண்டுதான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஓடிலும் மரிலூவும் அக்டோபர் நடுவில் நாள் குறித்தார்கள்.

அன்று சாப்பாட்டின்போது ஓடில் அதைச் சொன்னாள். தியெரி பட்டாணி சூப்பைக் கிண்டிக்கொண்டே இருந்தான். வேலை விஷயம் வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவன் அவன்.

"அக்டோபர் கடைசில ஏரிக்கரைல ஒரு மரவீடு பதிவு பண்ணிருக்கேன்," என்றான். "பத்து நாள் லீவு."

கேம் வெளியான கையோடு தவிர, அங்கே யாருக்கும் பத்து நாள் சேர்ந்தாற்போல் கிடைக்காது. அவளும் அங்கே வேலை பார்த்தவள்தானே. அப்படியானால் அவர்கள் கேமும் அக்டோபரில்தான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவன் பொய் சொல்ல வேண்டும், அல்லது வேலையை இழக்க வேண்டும்.

வெளியீட்டு நாளை மாற்றவும் வழியில்லை. அவள் யார் மனைவி என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அவள் நாளை மாற்றினால், விஷயம் தெரிந்துதான் மாற்றுகிறாள் என்று மற்ற சின்ன கேம்காரர்களும் மாற்றுவார்கள். உடனே நிறுவனம் தியெரியைக் கூப்பிட்டு விசாரிக்கும்.

மரிலூவோ பார்க்கிற பத்திரிகைக்காரர்களிடமெல்லாம் நாளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பொறுக்கலாமே என்று ஓடில் இழுத்தபோது, பயந்தாங்கொள்ளி என்று சிரித்தாள். அதன்பின் போன் அடித்தால் ஓடில் எடுப்பதில்லை. தியெரியும் அவளும் குப்பை எடுத்து வைப்பதைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள்.

செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. அவர்கள் குறித்த அதே நாள். மரிலூ திரையை விட்டு ஓடிலைப் பார்த்தாள். ஓடிலின் முகத்தில் அதிர்ச்சியே இல்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடி?"

"தியெரி ஒரு வார்த்தை சொல்லலை."

"நான் தியெரியைக் கேக்கலை. உன்னைக் கேட்டேன்."

ஓடில் மரவீட்டைப் பற்றிச் சொன்னாள். வேறு சாக்குச் சொல்லவில்லை. மரிலூ நாற்காலியை இழுத்துப் போட்டு, தான் நாளைச் சொல்லியிருந்த ஒவ்வொருவருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுத ஆரம்பித்தாள்.

"புது நாள் நான்தான் குறிப்பேன்," என்றாள், தலை நிமிராமல். "ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, கடைசியா உங்கிட்ட சொல்றேன்."