ஆண்டவருக்குக் கொடுத்த இரண்டாம் தரம்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கு, இரண்டு கடை, கலூரில் மூன்று மாடி வீடு, திருச்சபைக்கு ஒரு குரு... மூன்றாம் வகுப்போடு நின்றவன், மாற்றுச் சட்டை இல்லாமல் இந்த ஊருக்கு மூட்டை தூக்க வந்தவன், தனி ஆளாக உண்டாக்கியவை இவை. இதில் கடைசியாகச் சொன்னதில் நான் கடவுளை ஏமாற்றினேன்.

நல்லதை வைத்துக்கொண்டு, கழித்ததை அவருக்குக் கொடுத்தேன்.

உங்களுக்கு வியாபாரம் தெரியாது, சொல்கிறேன். சுக்கு வந்ததும் சாக்கை விரித்துக் கொட்டித் தரம் பிரிப்போம். பருத்தது, ஒடித்தால் சடக்கென்று முறிவது முதல் தரம். சுருங்கியது இரண்டாம் தரம். கண்ணை மூடிக்கொண்டே பிரிப்பேன். அதே கையால்தான் பிள்ளைகளையும் பிரித்தேன்!

மூத்தவன் சூசை, பத்து வயதிலேயே வாசனை பார்த்துத் தரம் சொன்னவன். இளையவன் பெலிக்ஸ்... சுக்குக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாதவன்.

உள்ளதில் சிறந்ததை ஆண்டவருக்குக் கொடுங்கள் என்று பங்குக் குரு பிரசங்கம் செய்த ஞாயிறு. வீடு வந்ததும் சூசை என் முன்னால் நின்றான். அப்போதுதான் பத்தாவது முடித்திருந்தான்.

"அப்பா, நான் சாமியாருக்குப் படிக்க செமினாரிக்குப் போகட்டா?"

"நீ போனா கிடங்கை யாருடா பாக்குறது? பெலிக்ஸு போகட்டும். அவன் இங்க நின்னு என்ன பிரயோஜனம்?"

"அவன் கேக்கலையேப்பா... நான்தானே கேக்கேன்."

"பூசை வைக்கிற அச்சன்மாருக்கு மூக்கு வேண்டாம்டா!" என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை. பெலிக்ஸ் போ என்றதும் போனான்.

பிள்ளையை ஆண்டவருக்குக் கொடுத்தவன் என்று ஊர் என்னைக் கொண்டாடியது. நான் மறுக்கவில்லை. ஏன் மறுக்க வேண்டும்?

போன மாதம் பெலிக்ஸின் குருத்துவ வெள்ளிவிழா. பீடத்தில் நின்று சொன்னான்: "எல்லாரும் என்னை ஒன்றுக்கும் ஆகாதவன் என்றபோது, என் அப்பா மட்டும்தான் என்னைச் சிறந்தவன் என்று கண்டு ஆண்டவருக்குக் கொடுத்தார்." கோவில் முழுக்கக் கைதட்டல்!

விருந்தில் சூசை என் இலையில் கறி வைத்துவிட்டுக் காதருகே குனிந்தான். "செகண்ட் குவாலிட்டி நல்லாத்தான் போயிருக்கு, இல்லியாப்பா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நாற்பது வருடத்துக்குப் பக்கமாக உள்ளே வைத்திருந்த பேச்சு... எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் பொய். சாப்பிட்டேன்.

ஆண்டுதோறும் குருவிடம் மண்டியிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. யாரிடம் சொல்வது? பெலிக்ஸிடமா? அவன் மன்னித்துவிடுவான்; அது அவன் வேலை. சூசையிடம்...? என்ன பதில் வரும் என்று தெரியாமல் யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு.

பெலிக்ஸ் நல்ல குரு. அதை நான் எதிர்பார்க்கவில்லை. என் தரம் பார்ப்பு பிசகியது அந்த ஒரு இடத்தில்தான்.

கிடங்கில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அந்தப் பக்கம் சூசை சுக்கு ஒடிக்கிறான். சடக்... சடக்...

எல்லாம் கடவுள் செயல் என்கிறார்கள். அப்படியானால் நான் எதற்கு? பீடத்தில் நிற்பவனை அனுப்பியது நான். என் பங்கைக் கணக்கில் எழுதுங்கள்! கிடங்கில் நிற்பவனை நிறுத்தியதும் நான்தான். அதையும் என் பெயரிலேயே எழுதுங்கள்.